பீச்சாங்கையில் பிடித்த மவுஸ்

மவுஸ் நகரவில்லை.

விஜயதசமி காலை. நல்ல நேரம் பார்த்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, தென்னூரில் நான் வேலை பார்த்த கல்யாணப் பத்திரிகைக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் முதல்முறையாக உட்கார்ந்திருக்கிறேன். மவுஸை இப்படி இழுக்கிறேன், அப்படி இழுக்கிறேன். திரையில் இருக்கிற அம்பு அசைவேனா என்று நிற்கிறது.

"அக்கா, மெதுவா. பயப்படாதீங்க" என்றாள் பிரின்சி. கடையில் பத்திரிகைகளை வடிவமைக்கிற பெண் அவள்தான். எனக்குப் பாதி வயதுகூட இருக்காது.

"நான் எங்கடி பயப்படுறேன்? அதுதான் என்னைப் பார்த்துப் பயந்துபோய்க் கிடக்கு."

அவள் வாங்கி இழுத்துப் பார்த்தாள். அவளுக்கும் நகரவில்லை. வயரைப் பிடுங்கிச் சொருகினாள். ஊஹூம். கடைசியில் மவுஸைத் தலைகீழாகத் திருப்பி, என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அக்கா, இது என்ன?"

"சந்தனம்."

"அடியில ஏன் வச்சீங்க?"

நல்ல கேள்வி கேட்டாள் போங்கள். முதல் நாள் ஆயுத பூஜை. கட்டிங் மெஷின், பிரிண்டர், கத்தரிக்கோல், நாற்காலி என்று ஒன்றையும் விடாமல் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். மவுஸைத் துடைக்கும்போது அதன் அடிவயிற்றில் சிவப்பாக ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு முதுகில் பொட்டு வைக்க எனக்கு மனம் வருமா? நன்றாகக் குழைத்து, கட்டியாக, அங்கேயே வைத்தேன். மேலே குங்குமம் வேறு.

"அதுதான்க்கா அதோட கண்ணு. அதால பாத்துத்தான் நகருது. நீங்க கண்ணை அடைச்சுட்டீங்க."

காது குடையும் பஞ்சுக் குச்சியால் அவள் அந்தச் சந்தனத்தை நோண்டி எடுத்து முடிப்பதற்குள் நல்ல நேரம் போய்விட்டது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்தால்தான் எனக்குக் கிலி.

ஒரு நாற்காலி

கிலிக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அந்தக் கடையில் கவுண்டரில் நிற்பவள். வருகிறவர்களை உட்கார வைத்து, கார்டு மாதிரிகளை எடுத்துக் காட்டி, "இது போன முகூர்த்தத்துல நல்லாப் போச்சுங்க", "இதுல பிள்ளையார் தங்கக் கலர்ல வருவார்" என்று பேசுவதுதான் வேலை. பேச்சுக்கு எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? என் வாய் எப்படிப்பட்டது என்று இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இந்த வாரமே தெரிந்துவிடும்.

ஆனால் காலம் மாறிவிட்டது. வருகிறவர்கள் கையிலேயே போனில் நூறு மாதிரி வைத்திருக்கிறார்கள். "இதே மாதிரி போட்டுக் குடுங்க" என்று நேராகப் பிரின்சியிடம் போய்விடுகிறார்கள். கவுண்டரில் நான் மின்விசிறிக்குக் கீழே நின்று கார்டு பறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் பிரின்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. கார்த்திகை முடிகிறபோது அவள் கிளம்பிவிடுவாள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தேவகிம்மா, என் மச்சான் மகன் ஒருத்தன் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சுட்டு வீட்டுல உட்காந்திருக்கான். மச்சான் தினம் போன் பண்றாரு. அவன் வந்தா அவனே கஸ்டமரையும் பாத்துக்குவான், டிசைனும் பண்ணிக்குவான். ரெண்டு ஆளுக்கு இங்க வேலை இல்லை. ஆனா நீங்க இத்தனை நாள் இருந்திருக்கீங்க. பிரின்சி போறதுக்குள்ள நீங்க கத்துக்கிட்டீங்கன்னா நாற்காலி உங்களுக்கு. இல்லேன்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைப்பதற்கு என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரர் அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். அவர் தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வேலை தேடிப் போவதும், மத்தியானம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதுமாக இருந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். அந்த நாற்காலி போனால் அடுப்பும் அணைந்துவிடும்.

அதனால்தான் விஜயதசமியில் தொடங்கினேன். அன்றைக்குத் தொடங்குகிற படிப்பு வீண் போகாது என்பார்கள். சந்தனத்தில் அடைத்துக்கொள்ளும் என்று யாரும் சொல்லவில்லை.

க எங்கே, ங எங்கே?

கீபோர்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கிறது, வாடகை கூடக் கொடுப்பதில்லை.

"ஏன்டி, இதை எவன் அடுக்கினான்? ஏ பக்கத்துல பி இல்லை. தமிழ் அடிச்சா அ பக்கத்துல ஆ இல்லை. க எங்கேயோ, ங எங்கேயோ. பொட்டலம் பிரிஞ்சு கொட்டினதை அப்படியே அள்ளி ஒட்டிட்டானா?"

"பழகிடும்க்கா" என்றாள் பிரின்சி. உலகத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே ஆறுதல் அதுதான். பழகுகிற வரை நான் என்ன செய்வது என்பதுதானே கேள்வி?

முதல் வாரம் ஒற்றை விரலால் கோழி கொத்துவது மாதிரி கொத்தினேன். அதுவும் அமுக்கினால் விடமாட்டேன். அம்மியில் அரைத்த கை. ஒரு க வேண்டுமென்று அமுக்கினால் திரை முழுக்க ககககக என்று காக்காய்க் கூட்டம் இறங்கிவிடும். ஒருநாள் மணமகன் பெயர் குமார் என்பது முப்பது க-வோடு ஒரு வரிக்கு நீண்டுவிட்டது. "தொட்டாப் போதும்க்கா, அடிக்கக் கூடாது" என்று பிரின்சி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

வெளிச்சம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சமையற்கட்டிலிருந்து. ஒரு நாள் காலையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கண் என்னவோ வாசலில் பால்காரர்மேல் இருந்தது. கை அது பாட்டுக்கு அஞ்சறைப் பெட்டிக்குப் போய்க் கடுகை எடுத்தது, சீரகத்தை எடுத்தது, பெருங்காயத்தை எடுத்தது. நான் பார்க்கவே இல்லை. அட, என்று நின்றுவிட்டேன். என் அஞ்சறைப் பெட்டியில் என்ன அகர வரிசையிலா சாமான் இருக்கிறது? அடிக்கடி வேண்டியது கைக்குப் பக்கத்தில், எப்போதாவது வேண்டியது ஓரத்தில்.

கடைக்குப் போனதும் கீபோர்டைப் பார்த்தேன். அதேதான்! பிரின்சி போட்டு வைத்திருந்த தமிழ் ஏற்பாட்டில் க, ப, ம, த எல்லாம் வலக்கை விரலுக்கு நேர் கீழே. அ, இ, உ எல்லாம் இடக்கை விரலடியில். ஆடிக்கு ஒரு தரம் வேண்டியிருக்கிற ஞ ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இரண்டு கீயில் மட்டும் சின்ன மேடு. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் ஆள்காட்டி விரல் தன் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். அடுக்கினவன் பொட்டலத்தைக் கொட்டவில்லை, நன்றாகச் சமைத்துப் பழகினவன்தான்.

அப்புறம் எனக்கும் கீபோர்டுக்கும் சண்டை இல்லை. ஐப்பசி பிறப்பதற்குள் "நிகழும் மங்களகரமான" என்று நான் தொடங்கினால் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதில்தான் நிற்பேன். இரண்டு கையும் சமமாக ஓடும். சமமாக என்றால், உண்மையைச் சொன்னால், இடது கைதான் கொஞ்சம் முந்தும்.

அந்தக் கை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். பிள்ளை இடக்கையால் சோற்றை அள்ளினால் பொறுத்துக்கொள்வார்களா? "பீச்சாங்கையாலயாடி திங்கிற!" என்று அம்மா புறங்கையில் வைக்கிற அடியில் சோறு சிதறும். அந்தக் கைக்கு ஏன் அந்தப் பேர் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் கழிப்பறை வைத்திருப்பவர்கள்தான்.

சாப்பிடுவது, எழுதுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாவற்றையும் வலக்கைக்கு மாற்றினார்கள். நானும் மாறினேன். ஆனால் அருவாமணையில் காய் நறுக்குவது, பெருக்குவது, கல் எறிந்து மாங்காய் அடிப்பது எல்லாம் இடக்கைதான். யாரும் கண்டுகொள்ளாத வேலையெல்லாம் அந்தக் கைக்கு.

ஒரு தரம் மட்டும் தப்பு நடந்தது. சித்தப்பா மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று சந்தனக் கிண்ணம் நீட்டுகிற வேலை எனக்கு. பாவாடை தாவணி, தலை நிறையப் பூ, எனக்கே என்னைப் பிடித்திருந்தது. அந்த ஜோரில் பன்னீர்ச் செம்பு வலக்கைக்கு வந்துவிட்டது, சந்தனம் இடக்கைக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு அந்தக் கையாலேயே நீட்டிவிட்டேன். மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டார். அவரைச் சமாதானம் செய்து பந்திக்குக் கூட்டிவருவதற்குள் எங்கள் சித்தப்பா பாதி ஆளாகிவிட்டார். அன்றையிலிருந்து நாலு பேர் முன்னால் என் இடக்கை முந்தானைக்குள் போய்விடும். அதுவாகவே போய்விடும்.

சோப்பு டப்பா வித்தை

ஆக, மவுஸ் வலப்பக்கம் இருந்தது, நானும் வலக்கையால் பிடித்தேன். வேறு கையால் பிடிக்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பிடித்தேன் என்றா சொன்னேன்? அது என்னைப் பிடித்து ஆட்டியது. அம்பை மேலே கொண்டுபோகச் சொன்னால் மவுஸையே மேசையிலிருந்து மேலே தூக்குவேன். இடம் போதாமல் மேசை விளிம்பு வரை இழுத்துக்கொண்டு போய், நாற்காலியோடு சாய்வேன். "தூக்கி நடுவுல வச்சு மறுபடி இழுங்கக்கா, அம்பு அங்கயேதான் நிக்கும்" என்பாள் பிரின்சி. ரெண்டு தட்டு தட்டச் சொன்னால், முதல் தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் கை நழுவிப் பக்கத்து ஊருக்குப் போய்விடும். ஒருநாள் மணமகள் படத்தை அப்படி நழுவவிட்டதில் அது மாமனார் பெயர்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் பயிற்சி செய்தேன். மவுஸுக்கு எங்கே போவது? சோப்பு டப்பாவைக் கவிழ்த்து வைத்துத் தரையில் அப்படியும் இப்படியும் தள்ளினேன்.

"என்ன தேவகி, வீடு துடைக்கிறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லீங்க. கம்ப்யூட்டர் கத்துக்கிறேன்."

அவர் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். லேத்தில் மயிரிழை பிசகாமல் கடைந்த மனிதர். "தோளு இறுகியிருக்கு பாரு. தளர்த்தி விடு. கையை அது போக்குல விட்டாத்தான் வேலை சுத்தமா வரும்" என்றார். சிரிக்கவில்லை. அதற்காகவே அன்றைக்கு அவருக்கு ஒரு அப்பளம் அதிகமாகப் பொரித்தேன்.

தளர்த்தினேன், தளர்த்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசியும் பாதி போய்விட்டது. ஒருநாள் பிரின்சி சாப்பிடப் போயிருந்தாள். முதலாளி பேங்குக்குப் போயிருந்தார். என் வலக்கையில் ஜிலேபி பிசுக்கு. கடைக்கு யாரோ கொண்டுவந்த நிச்சயதார்த்த ஜிலேபி. கழுவ எழுந்திருக்கச் சோம்பல். யாரும் இல்லையே என்று இடக்கையை நீட்டி மவுஸைத் தொட்டேன்.

அம்பு போனது பாருங்கள்! நான் நினைத்த இடத்தில், நினைத்த வேகத்தில், நினைத்த மாதிரி நின்றது. பூவைத் தூக்கி ஓரத்தில் வைத்தேன். குத்துவிளக்கைத் தூக்கி இரண்டு பக்கமும் வைத்தேன். மணமகளை மாமனாரிடமிருந்து மீட்டு மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்தினேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அக்கா!" என்றாள் பிரின்சி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சட்டென்று கையை முந்தானைக்குள் ஒளித்தேன்.

"ஏன் ஒளிக்கிறீங்க? இவ்வளவு நாளா இதைச் சொல்லவே இல்லையே! மவுஸுக்கு எந்தக் கைன்னெல்லாம் தெரியாதுக்கா."

அவள் வயரை மானிட்டருக்குப் பின்னால் சுற்றி மவுஸை இடப்பக்கம் கொண்டுவந்து வைத்தாள். எதையோ திறந்து, இரண்டு பட்டனையும் இடம் மாற்றினாள். இனி இடக்கை ஆள்காட்டி விரலால் தட்டினாலே வேலை நடக்கும். எனக்குத் தெரியாமல் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இப்படி ஓர் இரக்கம் இருந்திருக்கிறது. பிரின்சியின் கன்னத்தைக் கிள்ளினேன், எந்தக் கையால் என்று பார்க்கவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவர்கள்

கார்த்திகை. பிரின்சி தன் கல்யாணப் புடவை எடுக்க லீவு போட்டிருந்தாள். கம்ப்யூட்டரில் நான்தான்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமாவுக்கு நெற்றியில் பளிச்சென்று திருமண், பஞ்சகச்சம், தோளில் துணிப்பை. இரண்டாவது பெண்ணுக்குத் தையில் கல்யாணம். மாமா பையிலிருந்து மேட்டரை எடுத்தார். பத்திரிகையில் வர வேண்டியதை எழுதிக் கொண்டுவருகிற தாளுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பேர். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நான் மவுஸால் வேறொரு வேலையை முடித்துக்கொண்டே, வலக்கையை நீட்டி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாமாவின் முகம் மலர்ந்தது.

எழுத்து ஓடியது. "ஸ்ரீமதே ராமாநுஜாய நம:" என்பதை நான் பிசகில்லாமல் அடித்ததும் மாமி, "பேஷா அடிக்கிறாளே!" என்றார். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்தார். பெரிய ஆர்டர்.

அடுத்து, மேலே பெருமாள் படம். சேஷன்மேல் சயனித்திருக்கிற ரங்கநாதர். எடுத்து நடுவில் கொண்டுவந்து வைக்க வேண்டும். மவுஸைப் பிடித்து இழுத்தேன்.

"நிறுத்துங்கோ!"

கடையே நின்றுவிட்டது.

"என்னம்மா இது? பெருமாளை இடக்கையாலயா இழுக்கறது?"

என் கை தன்னால் முந்தானையைத் தேடிக்கொண்டு போனது. முதலாளி ஓடிவந்தார். "மன்னிச்சுக்குங்க சாமி. ஏம்மா, சோத்தாங்கையால பண்ணு!"

வலக்கையால் எக்கிப் பிடித்தேன். பட்டன்கள் இடம் மாறியிருப்பது அப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஒன்றைத் தட்டினால் என்னென்னவோ பட்டியல் திறக்கிறது. மூடப் போனால் இன்னொன்று திறக்கிறது. பதற்றத்தில் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஏற்கெனவே படுத்திருக்கிற பெருமாள் இன்னும் நீண்டார். பத்திரிகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நீண்டார்.

"ரங்கா, ரங்கா!" என்று மாமா கண்ணை மூடிக்கொண்டார். "போறும். அந்தப் பேப்பரைக் குடுங்கோ. நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் அவருடைய மச்சான் மகன் ஏற்கெனவே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு முதலில் அழுகை வந்தது. அழுகை தொண்டை வரை வந்து, அங்கே கோபமாக மாறியது. நல்லவேளை.

"சார், தாராளமாப் போங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிறேன்" என்றேன். "நீங்க மஞ்சள் தடவின பேப்பரை நீட்டினப்போ நான் எந்தக் கையால வாங்கினேன்?"

மாமா கண்ணைத் திறந்தார். "வலக்கையாலதான்."

"ஏன்னா அந்தக் கை சும்மா இருந்துச்சு, அதான். மவுஸை வலக்கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, ஒரு அவசரத்துல நீங்க நீட்டுறதை எந்தக் கை சார் வாங்கும்? இந்தக் கை உங்ககிட்ட வாங்கறதுக்கும் உங்களுக்குக் குடுக்கறதுக்கும். அதைத் தூக்கி இந்தப் பிளாஸ்டிக் டப்பாவுக்குக் குடுத்துட்டு, உங்க பொண்ணு கல்யாண மேட்டரைப் பீச்சாங்கையால வாங்கணுமா? நீங்களே சொல்லுங்க!"

முதலாளி, "ஏம்மா..." என்று என்னை அடக்கப் பார்த்தார்.

மாமிதான் சிரித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். "ஏன்னா, அவ சொல்றது வாஸ்தவம்தானே? பெரியவ கல்யாணத்துக்கு இதே கடைக்குத்தானே வந்தோம்? அப்போ இங்க இருந்த பொண்ணு மவுஸ்ல கையை வச்சுண்டே பேப்பரை இடக்கையால வாங்கிட்டான்னு, ஆத்துக்குப் போற வரைக்கும் பஸ்ல என்னை வறுத்து எடுத்தேளே!"

பாவம் பிரின்சி. வலக்கை வேலையில் இருந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

மாமா துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டு நின்றார். பொல்லாத மனிதர் இல்லை. பெண்ணின் கல்யாணம், எதிலும் ஒரு குறை வந்துவிடக் கூடாதே என்கிற தவிப்பு. எனக்கு அது புரிந்தது. என் வயிற்றில் இருந்ததும் அதே மாதிரி ஒரு தவிப்புதான்.

"நியாயம்தான்" என்றார் கடைசியில். "மத்ததெல்லாம் எந்தக் கையால வேணும்னாலும் பண்ணுங்கோ. பெருமாளை மட்டும் வலக்கையால ஏளப்பண்ண முடியுமா?"

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சாமியை நகர்த்துவது என்று சொல்லமாட்டார்கள். வீதி உலாவுக்குத் தூக்கிவருவதற்குச் சொல்கிற வார்த்தையையே இதற்கும் சொன்னார். எனக்கு மளமளவென்று யோசனை ஓடியது. கீபோர்டில் வலக்கை ஓரமாக அம்பு போட்ட நாலு கீ இருக்கிறதே! படத்தைத் தேர்வு செய்துவிட்டு அதை அமுக்கினால், ஒவ்வோர் அமுக்குக்கும் நூல் அளவுதான் நகரும்.

"முடியும் சார். நீங்க சொல்லுங்க, நான் ஏளப்பண்றேன்."

நீண்டுபோன பெருமாளைக் கீபோர்டிலேயே பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். வலக்கை விரலைக் கழுவிக்கொண்டு வந்து அம்புக் கீமேல் வைத்தேன். மாமா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மேல. மேல. மெதுவா. இன்னும் கொஞ்சம். வடக்கால... இல்லையில்லை, அந்தப் பக்கம். ஆங்."

ஒரு தட்டு, ஒரு நூல். ஒரு தட்டு, ஒரு நூல். மவுஸால் இழுத்தால் கண்ணிமைக்கிற நேரம். இது சாமி புறப்பாடு மாதிரி நின்று நிதானித்துப் போனது. வளைகாப்புப் பத்திரிகைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் எழுந்து வந்து பார்த்தது. அதில் ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். முதலாளி கைகட்டி நின்றார். நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன்.

"போறும்!" என்றார் மாமா. "அங்கேயே இருக்கட்டும். அதான் எடம்."

உண்மையாகவே அதுதான் இடம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு நூல் கூடக் குறைய இல்லை. அவ்வளவு கச்சிதமாக எந்தக் கையாலும் நான் மவுஸில் வைத்திருக்க மாட்டேன்.

"பிரிண்ட் எடுங்கோ" என்றார் மாமா. ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை.

இடக்கையால் மவுஸைப் பிடித்துப் பிரிண்ட் குடுத்தேன். மாமா, சம்பந்தி வீட்டார் பெயர்கள் எழுதிய இன்னொரு மஞ்சள் தாளை நீட்டினார். வலக்கையால் வாங்கினேன். இந்தத் தடவை என் இடக்கை மேசைமேலேயே இருந்தது. அதை நான்கூட அப்புறம்தான் கவனித்தேன்.

முதலாளியின் போன் அடித்தது. மச்சான்தான், தினம் அந்த நேரத்துக்கு அடிக்கும். எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். தென்னூர் ரோட்டில் பஸ் சத்தத்தை மீறிப் பேச வேண்டுமே, கத்தித்தான் பேசினார்.

"இல்லை மச்சான், பையனுக்கு வேற எங்கயாச்சும் பாருங்க. இங்க ஆள் இருக்கு. ... அட, ஆள் இருக்குன்னு சொல்றேன்ல? ரெண்டு கையும் வேலை செய்யுற ஆளு!"

எனக்குக் கண் நிறைந்து திரை கலங்கிவிட்டது. ஒரு கையில் மவுஸ், ஒரு கையில் மஞ்சள் தாள். துடைத்துக்கொள்ளத்தான் கை இல்லை.